வெளியே அவர், உள்ளே அவள்

நத்தை வாடகைக்குப் போய்த் திரும்பினால், டிங்கர் வந்தவர்களின் முகத்தை முதலில் பார்க்கமாட்டார். நேராகப் போய்ச் சக்கரத்தின் நடுவில் உள்ளங்கையை வைப்பார். வைத்துக்கொண்டு பத்து வரை எண்ணுவார். பத்து வரை கை தாங்கினால் உள்ளே பேரிங் நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். ஆறிலேயே கையை எடுத்துவிட்டால் அன்றைக்குச் சாப்பாடு தள்ளிப்போகும். சக்கரத்தைக் கழற்றி, பழைய கிரீஸை வழித்து, புதிதாக அப்பி மாட்டிய பிறகுதான் கை கழுவுவார். அதற்கப்புறம்தான், "வாங்க, பயணம் நல்லபடியா இருந்துச்சா?" என்று கேட்பார்.

"வண்டிக்குக் காய்ச்சல் பாக்குறாருப்பா டாக்டர். ஊசி போடுற வரைக்கும் யாரும் பேசக்கூடாது," என்பார் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரர். நத்தை என்று பெயர் வைத்ததும் அவர்தான். காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகிற சின்னப் படுக்கை வண்டி அது. முன்பக்கம் உருண்டு, பின்பக்கம் சரிந்து, ஒரு துளியைப் படுக்கப்போட்ட மாதிரி இருக்கும். உள்ளே இரண்டு பேர் தாராளமாகப் படுக்கலாம், கொஞ்சம் குனிந்து உட்காரலாம், நிற்க முடியாது. பின்பக்க மூடியைத் தூக்கினால் சமையல்கட்டு. ஒற்றை அடுப்பு, சின்ன சிலிண்டர், தண்ணீர்க் கேன், நாலு தட்டு. வெளியே நின்றுதான் சமைக்க வேண்டும். தூக்கிய மூடிதான் தலைக்குக் கூரை.

டிங்கருக்குத் தொழில் கார்களின் நசுங்கல் எடுப்பது. இருபத்தாறு வருஷமாகத் தகடும் சுத்தியலும்தான். அதே கொட்டகையின் இன்னொரு மூலையில் அவர் மனைவி கார்களுக்கு சீட் கவர் தைப்பாள். தெருவில் அவளைத் தையலக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். கொட்டகைக்குப் பின்னால் ஓர் அறையும் சமையலறையுமாக வீடு. ஒரே மகள் வெளியூரில் விடுதியில் தங்கிக் கடைசி வருஷம் படிக்கிறாள். வேலை குறைந்துபோன ஒரு வருஷத்தில், கையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியாமல் இருவரும் சேர்ந்து கட்டியதுதான் அந்த வண்டி. பழைய வேனின் அச்சு, அலுமினியத் தகடு, அவள் தைத்த நீல மெத்தை. வாரக் கடைசியில் ஏரிக்கரைக்கும் மலையடிவாரத்துக்கும் போகிறவர்கள் வாடகைக்கு எடுத்துப்போவார்கள்.

அந்த வண்டியில் வேலைப் பங்கீடு முதல் நாளே முடிவாகிவிட்டது. வெளியே அவர், உள்ளே அவள். அவருக்கு முழங்கால் மடங்காது. உள்ளே ஏறினால் இறக்கிவிட ஓர் ஆள் வேண்டும். அவளுக்கு ஏணி என்றாலே தலை சுற்றும். ஆகவே தகடு, சக்கரம், கூரை, விளக்கு எல்லாம் அவர். மெத்தை, திரை, சுவர்த் துணி, பெருக்கித் துடைப்பது எல்லாம் அவள். ஒருவர் வேலையில் மற்றவர் மூக்கை நுழைப்பதில்லை. இதை இருவரும் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். பெருமைப்பட வேண்டிய விஷயம்தான் என்று இதே தெருவில் இருக்கிற நானும் ரொம்ப நாள் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மழை தொடங்கிய மாதத்தில், ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் வண்டியைத் திருப்பிக்கொண்டு வந்து விட்டார். "ராத்திரி பூரா நெத்தியில சொட்டு சொட்டுன்னு விழுந்துச்சுய்யா. நான் அடிச்ச பசங்க சாபமெல்லாம் ஒண்ணா இறங்குன மாதிரி இருந்துச்சு," என்றார். கூரையில் காற்றுக்காக ஒரு சாண் அகலத்தில் ஜன்னல் உண்டு. அதன் ரப்பர் தேய்ந்திருந்தது. புது ரப்பர் வர இரண்டு வாரம் ஆகும் என்று கடையில் சொல்லிவிட்டார்கள். டிங்கர் ஏணி போட்டு ஏறி, ஜன்னலை அழுத்தி மூடி, சுற்றிலும் ரப்பர்ப் பசையை இரண்டு பூச்சுப் பூசிவிட்டார். மழை முடிந்ததும் கீறி எடுத்துக்கொள்ளலாம். காற்றுக்குத்தான் கீழே கால்மாட்டில் கம்பி வலை போட்ட ஓட்டை இருக்கிறதே.

அடுத்த வாரம் கைக்குழந்தையோடு போய்வந்த பெண் தையலக்காவிடம் முறையிட்டாள். கால்மாட்டு ஓட்டை வழியாக எறும்பும் பூச்சியும் வந்து குழந்தையைக் கடித்துவிட்டதாம். பிள்ளையின் தொடையில் சிவந்திருந்த தடிப்பைப் பார்த்ததும் தையலக்காவுக்கு மனசு கேட்கவில்லை. மெத்தைத் துணியிலேயே ஒரு திண்டு தைத்து, உள்ளே தடித்த பஞ்சு வைத்து, ஓட்டையின் மேல் இறுக்கமாக ஒட்டிவிட்டாள். கை அப்படிப்பட்ட கை. அங்கே ஓட்டை இருந்தது என்று சொன்னால்தான் தெரியும். காற்றுக்குத்தான் மேலே ஜன்னல் இருக்கிறதே.

யாரும் யாரிடமும் மறைக்கவில்லை. குழம்பில் உப்புப் போட்டதை ஒருத்தி வீடு முழுக்கச் சொல்லிக்கொண்டா திரிவாள்? இரண்டு பேரும் தெரியாமல் உப்புப் போட்டால் மிஞ்சிப்போனால் குழம்பு கெடும்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் அந்தப் பிள்ளைகள் வந்தார்கள். அவன் லிஃப்ட் மெக்கானிக். அவள் செருப்புக் கடையில் வேலை பார்க்கிறவள். கல்யாணமாகி எட்டு மாதம். நண்பனின் காரை இரவல் வாங்கி வந்திருந்தார்கள். அவன் நத்தைக்குள் தலையை நீட்டிப் பார்த்துவிட்டு, "அண்ணே, நான் வருஷம் பூரா பெட்டிக்குள்ளயே கிடக்கிறவன். லீவுக்கும் பெட்டியா?" என்றான்.

"இதுல பட்டன் கிடையாது, அதான் வித்தியாசம்," என்றாள் அவள். "எந்த மாடியில இறங்குறதுன்னு நான்தான் சொல்வேன்."

டிங்கர் எல்லாவற்றையும் காட்டினார். கதவை எப்படி இரண்டு தாழும் போட்டு மூடுவது, சிலிண்டரை எப்படித் திருகுவது. அடுப்பைக் காட்டும்போது மட்டும் குரலை உயர்த்தினார். "அடுப்பு வெளியில மட்டும்தான். மழை வந்தாலும் சரி, பிரளயமே வந்தாலும் சரி, உள்ள கொண்டு போகக் கூடாது. கதவுலயும் சிவப்புல எழுதியிருக்கேன்."

"சரிங்கண்ணே," என்றார்கள் இருவரும் ஒரே நேரத்தில்.

சனிக்கிழமை ஏரிக்கரையில் விடாமல் மழை. காற்று பின்பக்கமிருந்து அடித்ததில் அடுப்பு நிற்கவே இல்லை. வண்டியைச் சுற்றி வாய்க்கால் வெட்டுகிறேன் என்று போனவன் தொப்பலாக நனைந்து, பல் கிட்டிக்க வந்து படுத்தான். அவள் அடுப்பை உள்ளே எடுத்து வந்து வெந்நீர் வைத்தாள். வெந்நீர் கொதித்த பிறகும், சூடு இருக்கட்டும் என்று கொஞ்ச நேரம் எரியவிட்டாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கரைக் காவலாளி கதவைத் தட்டித் தட்டிப் பார்த்து, பிறகு உடைத்தான். லிஃப்ட் மெக்கானிக்கின் உயிர் போயிருந்தது. அவளுக்கு மூச்சு இருந்தது.

திங்கட்கிழமை ஓர் அதிகாரி நோட்டுப் புத்தகத்தோடு வந்தார். நல்ல மனிதர்தான். கொட்டகை வாசலில் டிங்கர் போட்ட ஸ்டூலில் உட்கார்ந்து, கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டே கேட்டார். "காத்து வர வழி எதாவது வச்சிருக்கீங்களா?"

"கீழ கால்மாட்டுல ஓட்டை இருக்கு சார்," என்றார் டிங்கர்.

"மேல ஜன்னலும் இருக்குங்க," என்றாள் தையலக்கா, உள்ளேயிருந்து.

அதிகாரி 'இரண்டு வழிகள் உள்ளன' என்று எழுதிக்கொண்டு போனார். எச்சரிக்கையை மீறியதால் நேர்ந்த விபத்து என்று விஷயம் முடிந்தது. தெரு முழுக்க வந்து ஆறுதல் சொன்னது. "நீ படிச்சுப் படிச்சுச் சொன்ன. அதுக்கு மேல என்னய்யா பண்ண முடியும்?" என்றார் பஞ்சர் கடைக்காரர். அவர்கள் ஆறுதல் சொல்லச் சொல்ல இந்த இரண்டு பேருக்கும் சோறு இறங்கவில்லை. தான் ஒரு வழியை அடைத்தது அவருக்குத் தெரியும். தான் ஒரு வழியை அடைத்தது அவளுக்குத் தெரியும். மற்ற வழி திறந்திருந்தும் அது போதாமல் போய்விட்டது என்று ஆளுக்கொரு பக்கம் படுத்து மருகிக்கொண்டிருந்தார்கள்.

இருபது நாள் கழித்து நத்தையை இழுத்துவந்து கொட்டகை முன்னால் விட்டார்கள். போலீஸ் ஸ்டேஷன் பக்கத்துத் தெருதான். சக்கரம் ஜில்லென்று இருந்தது. டிங்கர் பழக்கத்தில் கையை வைத்தவர், பத்து தாண்டியும் எடுக்காமல் நின்றார். பஞ்சர் கடைக்காரர் பார்த்துவிட்டுத் தன் கடைக்குள் போய்விட்டார்.

மறுநாள் காலை தையலக்கா சந்தைக்குப் போன நேரத்தில், அவர் அந்த முழங்காலை வைத்துக்கொண்டே ஏணி ஏறி, பசையைப் பிளேடால் கீறி எடுத்தார். ஜன்னல் முனகிக்கொண்டு திறந்தது. சாயங்காலம் அவர் டீக்கடைக்குப் போன நேரத்தில், அவள் உள்ளே ஊர்ந்துபோய்த் திண்டைப் பிய்த்தெடுத்தாள். ஒட்டிய இடத்தில் பிசிறுகூட இல்லாமல் சீப்பால் சுரண்டினாள். இந்த வேலையிலும் இருவரும் குறை வைக்கவில்லை.

இரண்டு நாள் கழித்து வாசல் பெருக்கும்போது, நத்தைக்கு அடியில் சாம்பல் நிறத்தில் சுருள் சுருளாக ஏதோ கிடந்தது. தையலக்கா அள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள். டிங்கர் மத்தியானச் சோற்றில் கை வைத்திருந்தார்.

"இது என்னங்க?"

அவர் நிமிர்ந்து பார்த்துவிட்டுக் குனிந்துகொண்டார். "மேல ஜன்னலைச் சுத்திப் பூசியிருந்தது."

"எப்போ பூசுனீங்க?"

"வாத்தியார் வந்து சொட்டுதுன்னாரே, அப்போ."

"அப்படின்னா, அந்தப் பிள்ளைங்க போறதுக்கு முன்னாடியா?"

"முன்னாடிதான்." அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "நான் என்ன புத்தி கெட்டா பூசுனேன்? கீழ ஓட்டை இருக்கே, ஒண்ணு இல்லன்னா ஒண்ணுன்னுதான் பூசுனேன். அது பத்தலை. அவ்வளவுதான் நான் பண்ணுன பாவம். உன்கிட்ட சொல்லி உன்னையும் எதுக்கு நோகடிக்கணும்னு விட்டுட்டேன்."

"கீழ இல்லீங்க."

"என்ன இல்ல?"

"ஓட்டை இல்லீங்க. நானும் அடைச்சுட்டேன்."

அவர் ஒன்றும் புரியாதவர் போலப் பார்த்தார். அவள் தையல் மெஷினுக்குக் கீழே இருந்த வெட்டுத்துணிப் பையில் கையை விட்டு, அடியிலிருந்து அந்த நீலத் திண்டை எடுத்து அவர் முன்னால் வைத்தாள். "கைக்குழந்தைக்காரி பூச்சி கடிக்குதுன்னா. மேலதான் ஜன்னல் இருக்கேன்னு தச்சு ஒட்டிட்டேன்."

அவர் இடது கையால் திண்டை எடுத்து அமுக்கிப் பார்த்தார். தையல் நேராக, நெருக்கமாக இருந்தது.

"ஏன் என்கிட்ட சொல்லல?" என்றார்.

"நீங்க சொன்னீங்களா?"

"நான் எதுக்குச் சொல்லணும்? கூரை என் வேலை."

"சுவரு என் வேலைதானே?"

"அந்த அதிகாரிகிட்ட கீழ இருக்குன்னு சொன்னேனே, அப்பவாச்சும் வாயைத் திறந்தியா?"

"நீங்க மட்டும்? மேல இருக்குன்னு நான் சொன்னப்போ, டீ கிளாஸை வாங்கிட்டு நின்னீங்க." அவள் சுவரோடு சரிந்து உட்கார்ந்தாள். "ஐயோ, ரெண்டு பேரும் சேர்ந்து பெட்டியைச் சீல் வச்சுக் குடுத்திருக்கோங்க. ஒருத்தர் வெளியில இருந்து, ஒருத்தர் உள்ள இருந்து."

அவர் கையில் சோறு காய்ந்துகொண்டிருந்தது. அவள்தான் கேட்டாள். "போய்ச் சொல்லிடலாமா?"

"யார்கிட்ட?"

"அந்த அதிகாரிகிட்ட."

"சொன்னா உள்ள தூக்கி வைப்பாங்க. ரெண்டு பேரையும். பொண்ணுக்கு இன்னும் ஆறு மாசம் படிப்பு பாக்கி இருக்கு. லீவுக்கு வந்தா கதவைத் திறந்துவிட ஆள் வேணாமா? நாம போய்ச் சொன்னா மட்டும் செத்தவன் எந்திரிச்சு வரப்போறானா?"

"அவன் வரமாட்டான். இருக்கிறவ இருக்காளே."

"அவ அடுப்பை உள்ள கொண்டு போனது நிஜந்தானே? நான் எவ்வளவு தூரம் சொன்னேன்!"

"நிஜந்தான். ஒரு ஓட்டை திறந்திருந்தாக்கூட அவன் பிழைச்சிருப்பானோ என்னமோ. அதுவும் நிஜந்தானே?"

அவர் திண்டைத் தள்ளிவைத்தார். "எரிச்சிரு அதை," என்றார் கடைசியில். அவள் எரிக்கவில்லை. மெஷின் பெட்டிக்குள் வைத்து மூடினாள்.

அந்தச் செருப்புக் கடைப் பெண் வந்தது அதற்கு நாலாம் நாள். மணி மூன்று இருக்கும். வானம் மூடிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் பஸ்ஸிலிருந்து இறங்கி, ரோட்டைக் கடக்க ரொம்ப நேரம் தயங்கி நின்று வந்தாள். பாதியாக இளைத்திருந்தாள். டிங்கர் கையிலிருந்த சுத்தியலைக் கீழே வைக்கத் தோன்றாமல் நின்றார். தையலக்காதான் ஸ்டூலைத் துடைத்துப் போட்டாள்.

"உக்காரும்மா. டீ போடட்டுமா?"

"வேணாங்க்கா. ஸ்டேஷன்ல அவரு செருப்பு ஒண்ணுதான் குடுத்தாங்க. இன்னொண்ணு வண்டியில இருக்குமோன்னு கேட்கத்தான்... எங்க கடையில நானே எடுத்துக் குடுத்தது."

இருந்தது. மெத்தைப் பலகைக்கு அடியில் கிடந்ததைத் தையலக்கா துடைத்துக் காகிதத்தில் சுற்றி வைத்திருந்தாள். கொண்டுவந்து கொடுத்தாள். அந்தப் பெண் காகிதத்தைப் பிரித்து, செருப்பைத் திருப்பி அடிப்பாகத்தைப் பார்த்தாள். பையில் வைத்துக்கொண்டாள். பிறகும் எழுந்திருக்கவில்லை.

"செருப்புக்காக மட்டும் வரலைங்க்கா," என்றாள். "எனக்கு ஒண்ணும் சரியா ஞாபகம் வரமாட்டேங்குது. பேசிட்டே இருக்கும்போது வார்த்தை மறந்துபோகுது. ஆனா அன்னைக்கு உள்ள ரொம்பப் புழுக்கமா இருந்த மாதிரி மட்டும் ஞாபகம். எங்க மாமியார் வாசல்ல நின்னு, நீதான்டி பத்த வச்சுக் கொன்னேங்கிறாங்க. அவங்க பெத்தவங்க, சொல்லத்தான் செய்வாங்க. எனக்கே அப்படித்தானே இருக்கு." முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டாள். "காத்து வர வழி சரியா இருந்துச்சான்னு ஒரு தடவை பாத்துட்டா தேவலைன்னு தோணுச்சு. உங்களைக் குத்தம் சொல்ல இல்லண்ணே. வழி இல்லாம இருந்திருந்தா, பாதிதான் நானுன்னு நினைச்சுக்குவேன். பாதின்னா எப்படியாச்சும் தூக்கிடலாம்னு பாக்கிறேன்."

தையலக்கா கணவனைப் பார்த்தாள். அவர் நத்தையின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள கொஞ்சம் படுத்துப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

வேண்டாம் என்று எப்படிச் சொல்வது? தையலக்கா கதவைத் திறந்துவிட்டாள். அந்தப் பெண் செருப்பைக் கழற்றிவிட்டு ஏறினாள். மெத்தையில் இடது பக்கமாக, ஓர் ஆளுக்கு இடம் விட்டுப் படுத்தாள். கதவை அவளே இழுத்துச் சாத்திக்கொண்டாள்.

இவர்கள் இரண்டு பேரும் வெளியே நின்றார்கள். மழைக்கு முந்திய காற்று தெருவில் காகிதங்களைத் தூக்கி அடித்தது. அது நத்தையின் கால்மாட்டு வலைக்குள் நுழைந்து, கூரை ஜன்னல் வழியாக ஊதிக்கொண்டு வெளியேறுவது காதுக்கே கேட்டது. அந்தச் சத்தத்தை டிங்கர் அதற்குமுன் கேட்டதில்லை. நிறுத்திவிட முடிந்தால் கையை வைத்தே அடைத்திருப்பார்.

ஐந்து நிமிஷம் கழித்துக் கதவு திறந்தது. முடி கலைந்து, முகத்தில் ஒட்டியிருந்தது. அழுகிற முகமாகக்கூட இல்லை.

"இவ்வளவு காத்து வருதேக்கா," என்றாள். "கீழேயிருந்தும் வருது, மேலேயும் போகுது. போர்த்திக்கலாம் போல இருக்கு. இவ்வளவு காத்துலயும் ஒரு ஆளு போகணும்னா, நான் எவ்வளவு நேரம் எரிய விட்டிருப்பேன்? கொஞ்ச நேரம்னுதானே நினைச்சேன்."

தையலக்காவின் உதடு அசைந்தது. கூரையைத்தான் முதலில் சொல்ல வேண்டும், அது அவர் வேலை, அவர் தொடங்கினால் மிச்சத்தை நான் சொல்லிவிடுவேன் என்று அவரைப் பார்த்தாள். அவர் அவளைப் பார்த்தார். பெண்பிள்ளைக்குப் பெண்பிள்ளை சொல்வதுதான் முறை, அவள் வாயெடுத்தால் நான் மேலே சேர்ந்துகொள்கிறேன் என்று நின்றார். அவர்கள் நடுவில் நின்று அந்தப் பெண் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

"பாக்காமலே இருந்திருக்கலாம்," என்றாள். பிறகு, தான் ஏதோ தப்பாகப் பேசிவிட்ட மாதிரி அவசரமாக, "உங்க மேல ஒண்ணும் இல்லண்ணே. நீங்க எல்லாம் சரியாத்தான் வச்சிருக்கீங்க. எங்க மாமியாரும் அதான் சொன்னாங்க," என்றாள். கதவைச் சாத்தி, அன்றைக்கு அவர் சொல்லிக்கொடுத்தபடி இரண்டு தாழும் போட்டாள். போட்டதை ஒரு தடவை இழுத்துப் பார்த்தாள். "வர்றேங்க்கா."

ரோட்டைக் கடந்து எதிர்ப்பக்க நிறுத்தத்தில் போய் நின்றாள்.

"நீங்க சொல்வீங்கன்னு பாத்தேன்," என்றாள் தையலக்கா.

"நீ சொல்லுவேன்னு நான் நின்னேன்," என்றார் அவர்.

தூறல் விழத் தொடங்கியது. நிறுத்தத்துக்குக் கூரை கிடையாது. அந்தப் பெண் பையைத் தலைக்குமேல் பிடிக்காமல், செருப்பு நனையக்கூடாது என்று நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள். இங்கிருந்து கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். நடந்தால் முப்பது அடி. பஸ் வர இருபது நிமிஷம் ஆனது. அவ்வளவு நேரமும் இந்த இரண்டு பேரும் கொட்டகை வாசலில், ஆளுக்கொரு தூணைப் பிடித்துக்கொண்டு, மற்றவர் முதலில் இறங்கட்டும் என்று நின்றார்கள். பஸ் வந்து நின்று அவளை மறைத்தது. அது நகர்ந்தபோது அங்கே யாரும் இல்லை.